திருடுபோன நேரம்

லினக்ஸில் ‘டாப்’ கட்டளையைத் தட்டினால், மூன்றாவது வரியின் கடைசியில் ‘எஸ்டி’ என்று ஓர் எண் நிற்கும். தனிக் கணினியில் அது எப்போதும் சுழியம். மெய்நிகர் கணினியில் (விஎம்) சில நேரம் ஏறும். ‘ஸ்டீல்’, அதாவது திருட்டு: நம் வேலை தயாராக நிற்க, பிராசசர் அடுத்தவருக்குப் போய்விட்ட நேரத்தின் சதவீதம். (விஎம்வேர் மென்பொருளில் உள்ளிருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரியாது, விஎம்களைத் தாங்கும் பெட்டியான ஹோஸ்டில் ‘ரெடி’ கணக்கைப் பார்க்க வேண்டும்.) பெரிய டேட்டாபேஸை விஎம்மில் வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

ஒரே பெட்டியைப் பல கணினிகளாகக் காட்டும் வித்தையை ஐபிஎம் 1960களிலேயே செய்துவிட்டது. இன்டெல் வகைச் சிப்புகள்தாம் முரண்டுபிடித்தன. 1999இல் விஎம்வேர் மென்பொருள் தந்திரத்தால் சமாளித்தது. 2005, 2006இல் சிப்புக்குள்ளேயே வசதி வந்தது. இன்று வெறும் கணக்குப் போடும் வேலை விஎம்மிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடும்.

இடிப்பது மெமரியில். நிரல் கேட்கும் முகவரி வேறு, சில்லில் உள்ள முகவரி வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கண்டுபிடிக்க நான்கு அடுக்குப் பட்டியலைப் புரட்ட வேண்டும். விஎம்மிலோ அந்தப் பட்டியல் இருக்கும் இடத்தையே இன்னொரு பட்டியலில் தேட வேண்டும். நான்கு முறை தொட்டால் போதும் என்ற இடத்தில், மோசமான வேளையில் 24 முறை. தேடிய விடைகளைக் குறித்துவைக்கும் டிஎல்பி பெரும்பாலும் காப்பாற்றிவிடும். அங்குமிங்கும் தாவிப் படிக்கும் டேட்டாபேஸில் அதற்கும் மூச்சுவாங்கும். 4 கிலோபைட் பக்கங்களை 2 மெகாபைட்டாக மாற்றினால் பாரம் நன்றாகவே குறையும். இதைச் செய்யாமலே விஎம்மைத் திட்டுகிறவர்கள் உண்டு.

அதைவிடப் பெரிய தொல்லை அண்டை வீட்டுக்காரர்கள். 16 கோர் உள்ள பெட்டியில் எட்டெட்டு கோர் தருவதாகச் சொல்லி ஆறு விஎம்களைக் குடிவைப்பது சாதாரணம். எல்லா வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. காலை ஏழு மணிக்குத்தான் வினை. மெமரியும் போதாவிட்டால், ஹோஸ்ட் நம் விஎம்முக்குள் ‘பலூன்’ ஒன்றை ஊதும். அது அடைத்த இடத்தை வெளியே வேறொருவர் எடுத்துக்கொள்வார். நம் டேட்டாபேஸின் கேஷ் டிஸ்க்குக்குத் தள்ளப்படும்.

நாள் முழுக்க எல்லாக் கோர்களையும் விழுங்கும் வீடியோ மாற்றும் வேலைக்குத் தனிக் கணினியே மேல். பகிர அங்கே மிச்சமே இல்லை. டேட்டாபேஸ் என்றால் விஎம்மையே சொல்வேன், மெமரி முழுவதையும் அதன் பேரில் ஒதுக்கிவைத்தால். பெட்டி பழுதாகும் முன்பே, ஓடுகிற நிலையில் இன்னொன்றுக்கு மாற்றலாம் என்பது சின்ன வசதி அல்ல. ஒரு மாதம் ஓடவிட்டு, மாதக் கடைசி நாள் கணக்கு முடிக்கும் நேரத்தில் அந்த ‘எஸ்டி’யைப் பாருங்கள்.