டோலில் கட்டுவது வரியா, கட்டணமா?

திருப்பூரில் துறைமுகம் இல்லை. பெட்டியில் அடைத்து சீல் வைத்த பனியன் சரக்கு தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ சென்னைக்கோ போயாக வேண்டும். லாரி 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே போனால் கணியூர் சுங்கச்சாவடி, கிழக்கே போனால் விஜயமங்கலம். ஃபாஸ்டேக்கில் பணம் கழிந்ததும் வண்டிக்காரரின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. அதனால்தான் வாடகை பேசும்போதே, "டோல் சேர்த்தா, தனியா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

பேச்சில் அது டோல், பத்திரிகையில் சுங்கம். கோவையில் சுங்கமும் திருச்சியில் டோல்கேட்டும் இடப்பெயர்களாகவே நிலைத்துவிட்டன. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றது சரக்கு மீதான வரியை நீக்கியதற்காக. நெடுஞ்சாலையில் இன்று வசூலாவது அந்த வகை வரி அல்ல. 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சேவைக்கான 'கட்டணம்' என்றே அதைச் சொல்கிறது. வண்டிக்குள் ஏற்றுமதி ஆடை இருந்தாலும் வெறும் அட்டைப்பெட்டி இருந்தாலும் தொகை ஒன்றுதான்.

கணக்கு 2008-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. 2007-08-இன் அடிப்படை விகிதம் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 பைசா, இலகு ரக சரக்கு வண்டிக்கு ரூ.1.05, லாரிக்கு ரூ.2.20. ஆண்டுதோறும் அடிப்படையில் 3 சதவீதமும், மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் இதில் கூடும். ஏப்ரல் தோறும் டோல் ஏறுவது இப்படித்தான்.

கட்டணம் என்றால் கொடுத்த காசுக்குச் சாலை இருக்க வேண்டும். இது வெறும் சொல் வாதமல்ல. இதே 544-ஆம் எண் சாலையில், கொச்சி போகும் வழியில் திருச்சூர் அருகே பாலியேக்கரை சாவடி இருக்கிறது. பாலப் பணிகளால் வண்டிகள் மணிக்கணக்கில் தேங்கியதைப் பார்த்து, 2025 ஆகஸ்ட் 6-இல் கேரள உயர் நீதிமன்றம் அங்கே வசூலை நிறுத்தியது. நெடுஞ்சாலை ஆணையம் மேல்முறையீடு செய்தும் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அக்டோபரில்தான் வசூல் மீண்டும் தொடங்கியது. மதுரை-தூத்துக்குடி சாலையில் இப்படியொரு தடை நிலைக்கவில்லை. பராமரிப்பு சரியில்லை என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வசூலுக்குத் தடை விதித்தது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. திருப்பூர் கன்டெய்னர்கள் போகிற சாலைதான் அதுவும்.

திருப்பூர்க்காரர்கள் கேட்டுப் பெற வேண்டிய ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. சாவடி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த மாவட்டத்தில் பதிவான வணிக வண்டிகளுக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. தேசிய பெர்மிட் வண்டிகளுக்குக் கிடையாது. ஆனால் கணியூர் இருப்பது கோவை மாவட்டத்தில், விஜயமங்கலம் ஈரோடு மாவட்டத்தில். 2009-இல் அந்த இரண்டு மாவட்டங்களிலிருந்தும் பிரித்துத்தான் திருப்பூர் மாவட்டம் உருவானது. நூல் மூட்டையோடு தினமும் இந்த வழியில் ஓடும் திருப்பூர்ப் பதிவு டெம்போ, இரண்டு பக்கமும் வெளியூர் வண்டியாகி முழுத் தொகை கட்டுகிறது. மாவட்ட எல்லைக்குப் பதிலாகச் சாவடியிலிருந்து உள்ள தூரத்தை அளவாக வைத்தால் இந்த அநியாயம் தீரும். சொந்தக் கார்களுக்கான மாதாந்திரப் பாஸுக்கு 20 கிலோமீட்டர் என்ற அளவு அதே 2008 விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது.