பத்தொன்பதும் உன்னீஸும்

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் ஓர் அச்சம் நிலவுகிறது. பள்ளியில் கணக்குப் பாடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ நடக்கும்போது, வீட்டில் தமிழில் எண்ணச் சொன்னால் குழந்தை குழம்பிவிடும் என்பதே அது. இதனால் நம் எண்ணுப் பெயர்கள் இளஞ்சிறாரின் நாவில் அருகி வருகின்றன. இவ்வச்சம் வேண்டியதில்லை என்றே நாம் கருதுகிறோம்.

'பத்தொன்பது' என்னும் சொல்லை நோக்குங்கள். பத்தும் ஒன்பதும் அதனுள்ளேயே இருக்கின்றன; 10 + 9 = 19 என்னும் கூட்டல் அது. அதே எண்ணுக்கு இந்தியில் 'உன்னீஸ்' என்று பெயர். இருபதில் ஒன்று குறைந்தது என்பது அதன் வேர்ப்பொருள்; 20 − 1 = 19 என்னும் கழித்தல் அது. இவ்விரண்டையும் பெற்றோர் எடுத்துக்காட்டினால், தில்லிக் குழந்தைக்கு இருமொழியும் சுமையாகாமல் துணையாகும்.

கூட்டல், கழித்தல் குறிகள் 1489-இல் யோகன்னஸ் விட்மன் என்பாரின் ஜெர்மன் நூலில் அச்சேறின. சமக்குறியை 1557-இல் வேல்ஸ் நாட்டவரான ராபர்ட் ரெக்கார்ட் அறிமுகப்படுத்தினார். பெரியோருக்கே இவ்வளவு காலம் பிடித்த குறிகளைக் குழந்தையின்மீது முதல் நாளே திணிக்கலாமா? முதலில் பொருள், அடுத்துப் பேச்சு, பிறகு படம், இறுதியில் குறி. 2022-ஆம் ஆண்டு வெளியான அடிப்படைநிலைத் தேசியக் கலைத்திட்டமும் இவ்வரிசையையே பரிந்துரைக்கிறது.

எட்டுப் புளியங்கொட்டைகளைத் தட்டில் வைத்து மூன்றை எடுக்கச் சொல்லுங்கள். 'எட்டில் மூன்று போனால் ஐந்து' என்று குழந்தை வாய்விட்டுச் சொல்லட்டும். நாம் பேசும் வரிசையிலேயே 8 − 3 = 5 என்று எழுத்தும் அமைவதைக் காண்பீர்கள்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சமக்குறி என்றால் 'விடை எழுது' என்று பல குழந்தைகள் எண்ணிவிடுகின்றனர். 8 + 4 = □ + 5 என்று கொடுத்தால் கட்டத்தில் 12 என்று எழுதுவர்; சரியான விடை 7. காய்கறிக்காரரின் தராசில் இரு தட்டும் சமமாக நிற்பதைக் காட்டி, 5 + 3 = 8 என்பதோடு 8 = 5 + 3 என்றும் எழுதிப் பழக்கினால் இப்பிழை நேராது.

இதற்குத் தனி ஆசிரியர் வேண்டியதில்லை. நாள்தோறும் கால்மணி நேரம் போதும். இன்று மாலையே உங்கள் செல்வத்தை அருகில் அமர்த்தி, ஒன்று முதல் பத்தொன்பது வரை தமிழில் எண்ணச் சொல்லிக் கேளுங்கள்.