எண்ணாது விடுவதும் கணக்கே: நிரல்களின் நேர அளவையில் விலக்குப் பட்டியல்

ஒரு மென்பொருள் தாமதமாக இயங்கினால், அதனுள் எப்பகுதி காலத்தை விழுங்குகிறது என்பதை ஊகத்தால் அறிதல் அரிது. டொனால்ட் கனூத் 1971ஆம் ஆண்டில் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து, பொதுவாக ஒரு நிரலின் 4 விழுக்காட்டிற்கும் குறைந்த பகுதியே அதன் இயங்குநேரத்தில் பாதிக்கு மேல் கொள்கிறது என்று காட்டினார். அந்தச் சிறு பகுதியைக் கண்டறியும் முறையைக் கணினித் துறையினர் புரொஃபைலிங் என்பர். நாம் நேர அளவை என்போம். நிரல் என்பது செயற்கூறுகள் பலவற்றின் தொகுதி. ஒவ்வொரு செயற்கூற்றின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் ஒரு பதிவுக்குறியை வைத்து, எத்தனை முறை அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுதிக்கொள்வதே இதன் அடிப்படை.

ஆனால், எழுதிக்கொள்வதற்கும் நேரம் ஆகும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கெடா மாநிலத்து இரப்பர் தோட்டங்களின் நடைமுறையை அறிந்தோர்க்கு இதனை விளக்குவது எளிது. விடியலில் பெரட்டுக்கு வந்தவரின் பெயரைக் கிராணி ஒருமுறை பதிவார்; பால் ஸ்டோருக்கு வந்ததும் நிறுத்து மற்றொரு முறை பதிவார். நானூறு ஐந்நூறு மரம் வெட்டும் ஒருவர், ஒவ்வொரு மரத்தடிக்கும் வந்தபோது ஒரு கையெழுத்து, நீங்கும்போது ஒரு கையெழுத்து என்று இட வேண்டியிருந்தால் என்ன ஆகும்? வெயில் ஏறிவிடும், பால் வரத்து குன்றும். கணக்கைப் பார்க்கும் துரையோ, ‘மரம் வெட்டுவதில்தான் இத்தனை தாமதம்’ என்று முடிவு கட்டுவார். உண்மையில் தாமதம் கையெழுத்தில் இருக்கும்.

இதனைத் தமிழ்மொழிச் செயலி ஒன்றில் வைத்துக் காண்போம். சொற்பிழை திருத்திக்கும் தேடுபொறிக்கும் அடிப்படையாக அமைவது உருபனியல் பகுப்பி. ‘மரத்திலிருந்து’ என்னும் சொல்லை மரம், அத்து, இல், இருந்து எனப் பிரித்துக் காட்டுவது அதன் வேலை. தமிழில் எழுத்துகள் 247 ஆயினும், யூனிகோடு முறை ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரவில்லை. உயிர்மெய்கள் மெய்யின் குறியீடும் உயிர்க்குறியின் குறியீடுமாகச் சேர்த்தே எழுதப்படுகின்றன. ‘கொடுத்தான்’ என்பதில் எழுத்துகள் 5, குறியீடுகளோ 10. ஆகவே, ‘இது உயிரா, மெய்யா, குறியா?’ என்று வினவும் ஒரு சிறிய செயற்கூறு, ஒரு சொல்லுக்கே பத்து முறை அழைக்கப்படலாம்.

கணக்கிற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். சொற்கள் 10 இலட்சம். எழுத்தை வினவும் கூறு 1 கோடி முறை ஓடுகிறது. ஒரு முறைக்கு 0.02 மைக்ரோ விநாடி. சந்தி பிரிக்கும் கூறு 10 இலட்சம் முறை. ஒவ்வொன்றும் 2 மைக்ரோ விநாடி. அகராதியில் தேடும் கூறும் 10 இலட்சம் முறை; ஒவ்வொன்றும் 5 மைக்ரோ விநாடி. ஆக, எழுத்துக்கு 0.2 விநாடி, சந்திக்கு 2 விநாடி, அகராதிக்கு 5 விநாடி, மொத்தம் 7.2 விநாடி. எழுத்துக் கூற்றின் பங்கு 3 விழுக்காடு அளவே.

இனி, ஒவ்வோர் அழைப்பையும் பதிய 0.2 மைக்ரோ விநாடி ஆகிறது என்க. எழுத்துக் கூற்றின் மேல் மட்டும் 2 விநாடி ஏறிவிடும். மற்றவை இரண்டின் மேலும் 0.2 விநாடிதான் ஏறும். (பதிவு நேரத்தில் ஒரு பகுதி அழைத்த கூற்றின் கணக்கிலும் விழும், எளிமை கருதி அதை விடுகிறோம்.) அறிக்கை இப்போது எழுத்துக்கு 2.2, சந்திக்கு 2.2, அகராதிக்கு 5.2, மொத்தம் 9.6 விநாடி என்று சொல்லும். 3 விழுக்காடு 23 விழுக்காடாகிவிட்டது!

இந்தப் பிழை வெறும் எண்ணோடு நிற்பதன்று. இத்தகைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘தமிழ் எழுத்துமுறை சிக்கலானது, செயலியின் தாமதத்திற்கு அதுவே காரணம்’ என்று ஒருவர் எளிதாகத் தீர்ப்பு வழங்கிவிடலாம். சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ பழைய மடிக்கணினியில் ஒரு தமிழ்ச் செயலியை எழுதும் மாணவர், அத்தீர்ப்பை நம்பி எழுத்துக் கூற்றை வாரக்கணக்கில் செப்பனிடுவார். அவர் பெறக்கூடிய மிச்சம் 0.2 விநாடியைத் தாண்டாது. அகராதி தேடும் முறையை மாற்றியிருந்தால் விநாடிகளே மிஞ்சியிருக்கும். மொழியின்மேல் சுமத்தப்படும் பழி அளவுகோலின் பழியாக இருக்கலாம் என்பதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தீர்வு, எழுத்துக் கூற்றைப் பதியாது விடுவது. அதன் வாயில்களில் குறி வைக்காமல் மீண்டும் ஓட்டினால், மேற்சுமை 2.4 விநாடியிலிருந்து 0.4 ஆகக் குறையும். மொத்தம் 7.6 விநாடி, உண்மையான 7.2க்கு மிக அருகில். ஆயினும், விலக்கப்பட்ட கூற்றின் சொந்த நேரம் மறைந்துவிடாது. அந்த 0.2 விநாடி, அதனை அழைத்த சந்திக் கூற்றின் கணக்கில் சேர்ந்து 2.4 எனத் தோன்றும். இதனை மறந்தவர் அடுத்து சந்தியைப் பழிக்கத் தொடங்குவார்.

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் உருவான டாவ் என்னும் அளவைக் கருவி, விலக்க வேண்டிய கூறுகளின் பெயர்களை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதித் தர இடமளிக்கிறது. தானே கட்டுப்படுத்தும் வழியும் அதில் உண்டு: 1 இலட்சம் முறைக்கு மேல் அழைக்கப்பட்டு, ஒரு முறைக்கு 10 மைக்ரோ விநாடிக்கும் குறைவாக எடுக்கும் கூற்றைப் பதிவதை அது நிறுத்திக்கொள்ளும். வசதிதான், ஆனால் நம் எடுத்துக்காட்டை அவ்விதியில் வைத்துப் பாருங்கள். எழுத்து, சந்தி, அகராதி மூன்றுமே விதிக்குள் அடங்கிவிடுகின்றன. குற்றவாளியாகிய அகராதியும் தப்பிவிடும்! 10 என்பதை 1 ஆகக் குறைத்து அமைத்தால் எழுத்துக் கூறு மட்டும் விலகும். எல்லையைக் கருவி தரலாம். அது நம் நிரலுக்குப் பொருந்துமா என்று பார்ப்பது நம் வேலை.

ஜிசிசி என்னும் கம்பைலரும் விலக்குப் பட்டியலை ஏற்கும். அங்கே மொழியியலார்க்குச் சுவையான ஒரு கண்ணி இருக்கிறது. தரப்பட்ட பெயர் வேறொரு பெயருக்குள் அடங்கியிருந்தாலே போதும், அதனையும் அது விலக்கிவிடும். ‘மெய்’ என்னும் கூற்றை விலக்கச் சொன்னால் ‘உயிர்மெய்’யும் சேர்ந்து போகும். கூறுகளுக்குப் பெயரிடும்போதே இதை எண்ண வேண்டும்.

விலக்குமுன் ஒரு முறை, சிறிய உள்ளீட்டைக் கொண்டு அனைத்தையும் பதிந்து, அழைப்பு எண்ணிக்கைகளைக் குறித்து வைத்துக்கொள்க. ஏனெனில் சிலவேளை எண்ணிக்கையே நோயாக இருக்கும். பத்துக் குறியீடுள்ள சொல்லுக்கு எழுத்துக் கூறு நாற்பது முறை அழைக்கப்பட்டிருந்தால், அது அழைப்பவன் குறை. விலக்கிய பின் அக்குறை கண்ணில் படாது. அடுத்து, பதிவே இல்லாத வெறும் நிரலை ஓட்டிக் கடிகார நேரத்தைக் குறிக்க. விலக்குப் பட்டியலுடன் ஓடிய நேரம் அதற்கு அருகில் வரும்வரை பட்டியலைத் திருத்துக. பல கூறுகளை விலக்கியும் இடைவெளி குறையவில்லையாயின், பதிவுக்குறி முறையை விட்டு, குறித்த இடைவெளிதோறும் ‘இக்கணம் எந்தக் கூறு ஓடுகிறது?’ என்று எட்டிப் பார்க்கும் மாதிரிமுறைக்கு மாறுவதே தக்கது. 1982இல் கிரகாம், கெஸ்லர், மெக்கூசிக் ஆகியோர் அறிமுகப்படுத்திய ஜிபுரோஃப் கருவி, நேரத்தை இம்முறையிலும் அழைப்பு எண்ணிக்கையைப் பதிவுக்குறியாலும் பெற்றது.