அகஸ்டஸ் கல்வெட்டில் ஒரு சொல்

ரோமப் பேரரசின் முதல்வனாகிய அகஸ்டஸ் கி. பி. 14, ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் நோலா என்னும் ஊரில் இறந்தான். தன் செயல்களைத் தானே தொகுத்த ஓர் ஏட்டை அவன் விட்டுச் சென்றான். அதனை வெண்கலப் பலகைகளிற் பொறித்துத் தன் கல்லறையின் முன் நிறுத்தவேண்டும் என்பது அவன் விருப்பம். அப்பலகைகள் இன்று இல்லை. ஆயினும் மாகாணங்களிற் கல்லில் வெட்டப்பெற்ற படிகள் சில எஞ்சியுள்ளன. அவற்றுள் நிறைவானது துருக்கியின் தலைநகராகிய அங்காராவில், ரோமாதேவிக்கும் அகஸ்டஸுக்கும் எடுத்த கோயிற் சுவரில் உள்ளது. இலத்தீன் மூலமும் கிரேக்க மொழிபெயர்ப்பும் அங்கு ஒருங்கே காணப்படும். 1555-இல் ஐரோப்பியத் தூதுக்குழு ஒன்று அதனைக் கண்டு வெளியுலகிற்கு அறிவித்தது.

தன்மையிடத்திற் பேசும் இக்கல்வெட்டை அறிஞர் 35 பகுதிகளாக வகுத்துள்ளனர். பத்தொன்பதாம் வயதில் தன் சொந்தப் பொருளால் படை திரட்டியது, ரோம் நகரில் 82 கோயில்களைப் புதுக்கியது, மூன்று இலக்கத்திற்கு மேற்பட்ட வீரரைக் குடியேற்றியோ சொந்த ஊருக்கு அனுப்பியோ வாழ்வளித்தது எனப் பட்டியல் நீள்கின்றது. இதில் வெளிப்படையான பொய்யைக் காண்பது அரிது. ஆனால் விடப்பட்ட பெயர்களை நோக்குக. ஆண்டனியும் கிளியோபாத்ராவும் பெயரால் சுட்டப்படவில்லை. செக்ஸ்டஸ் பாம்பேயோடு நடத்திய கடற்போர், கடற்கொள்ளையரை ஒடுக்கிய செயலாகிவிடுகின்றது. பிற தளபதிகள் இழந்த படைக்கொடிகளைத் தான் மீட்டதைப் பெருமிதத்துடன் கூறும் மன்னன், கி. பி. 9-இல் ஜெர்மானியக் காட்டில் தன் தளபதி வாரஸ் மூன்று லீஜியன்களை இழந்ததைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. எல்பே ஆற்றின் முகம்வரை அமைதி நிலவச் செய்ததாகவே எழுதுகின்றான்!

நாம் ஈண்டுச் சிறப்பாக ஆராயப்புகுவது 34ஆம் பகுதி. உள்நாட்டுப் போர் முடிந்தபின், கி. மு. 28, 27 ஆண்டுகளில் ஆட்சியைச் செனட் அவைக்கும் மக்களுக்கும் திரும்ப அளித்ததாக மன்னன் அதிற் கூறுகின்றான். அதன்பின் பதவியதிகாரத்தால் தன் உடன்பதவியாளரினும் தான் மிக்கவன் அல்லன் என்கின்றான். வேறு ஒன்றால் மட்டுமே யாவரினும் மேம்பட்டிருந்தானாம். அந்த ஒன்று யாது? அங்காராவின் இலத்தீன் எழுத்து அச்சொல்லில் சிதைந்துபோயிற்று. கிரேக்கத்தில் மதிப்பு என்னும் பொருள்தரும் சொல் நின்றமையால், இக்கல்வெட்டை 1865-இலும் 1883-இலும் பதிப்பித்த மாம்சென் ‘டிக்னிடாஸ்’ (தகைமை) எனக் கொண்டு அவ்விடத்தை நிரப்பினார். அறிவு சான்ற ஊகமே அது, எவரும் ஐயுறவில்லை.

பின்னர்ப் பிசிடிய அந்தியோக்கியாவில் கிடைத்த இலத்தீன் துண்டுகள் 1927-இல் முழுமையாக வெளியாயின. அவற்றில் இருந்த சொல் ‘ஆக்டோரிடாஸ்’. தகைமை என்பது ஒருவன் பெற்ற பட்டங்களாலும் பிறப்பாலும் அமையும் மதிப்பு. ஆக்டோரிடாஸோ ஆணை பிறப்பிக்காமலே பிறரை இணங்கவைக்கும் ஆற்றல். நம் மொழியில் இதற்கு நேர்வது ‘செல்வாக்கு’ என்பேன். எவன் வாக்குச் செல்லுமோ அவனிடத்து உள்ளது அது. மாம்சென் பாடத்தின்படி இவன் பெருமதிப்புப் பெற்ற ஒரு குடிமகன். அந்தியோக்கியாப் பாடத்தின்படியோ சட்டம் வகுத்த அதிகாரத்திற்கு வெளியே நின்று நாட்டை நடத்தியவன் என்பதைத் தானே ஒப்புக்கொள்கின்றான். படையின் பெரும்பகுதி அவன் மாகாணங்களிலேயே நிறுத்தப்பட்டிருந்தமையை எண்ணினால், அச்செல்வாக்கின் பின்னே வாளும் இருந்தமை புலனாம். அதனை மட்டும் இப்பகுதி கூறாது.

இதே பகுதியில் இன்னொரு சிதைவையும் ஊகத்தால் நிரப்பியிருந்தனர். அனைத்தையும் ‘கைப்பற்றியவன்’ எனப் பொருள்தர அமைத்திருந்த பாடம், இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாத் துண்டுகளை மீளவும் ஆராய்ந்தபோது ‘ஆற்றல் உடையவன்’ எனத் திருந்திற்று. ஒரு விகுதியளவான வேறுபாடுதான். ஆயினும் பழைய பாடத்தைக் கொண்டு கட்டிய விளக்கங்கள் எத்துணை!

கல் சொல்லாது விட்ட இடத்தை நிரப்பும் பழக்கம் நம்மிடமும் உண்டு. இந்திய அரசர் பலகாலும் தன்பால் தூது விடுத்தனர் என 31ஆம் பகுதி கூறும். அரசர் பெயரை அது கூறவில்லை. ‘பாண்டியன் தூது’ என ஐயமின்றி எழுதுவோர் பெயரைப் பெறுவது ஸ்டிராபோவின் நூலிலிருந்து. தூது விடுத்த அரசன் பாண்டியோன் என அவர் எழுதியது மெய்யே. ஆனால் வேறு சிலர் அவனைப் போரஸ் என்பர் என்றும் அவ்விடத்திலேயே சேர்த்துள்ளார். டமாஸ்கஸ் நகரத்து நிக்கொலாஸ், சிரியாவின் அந்தியோக்கியாவை அடுத்து அத்தூதர் மூவரை நேரிற் கண்டவர். தோலில் கிரேக்க மொழியில் எழுதிய மடல் ஒன்று அவர்களிடம் இருந்ததாம். அதனை விடுத்தவன் அறுநூறு அரசர்க்குத் தலைவனான போரஸ் என்றே அவர் குறித்தார்.