எவர்சில்வர் குண்டானுக்குப் போன லட்சுமி

எங்கள் வீட்டுக்கு வருபவர்கள், "இதென்னங்க, கணக்கு நோட்டுத் தாளுக்கெல்லாம் பிரேம் போட்டு மாட்டியிருக்கீங்க?" என்று கேட்காமல் போவதில்லை. அதற்கு முன்னால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் பாட்டி வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய லட்சுமி படம் இருந்தது. தாமரை மேல் லட்சுமி நிற்பாள், பக்கத்தில் மாலையோடு யானை. புடவை இருக்கும் இடத்தில் நிஜப் பட்டுத் துணியை வெட்டி ஒட்டி, நகைக்கு ஜரிகை வைத்துத் தைத்திருந்தார்கள். தறியில் மிஞ்சிய துண்டுதான். பாட்டி தன் கையால் செய்தது. 2014-ல் பாட்டி காலமானபின் வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். தெருவில் பாத்திரக்காரர் வந்தார். பழைய புடவைகளோடு அந்தப் படத்தையும் கொடுத்து ஒரு எவர்சில்வர் குண்டான் வாங்கினோம். "கண்ணாடி விரிசல் விட்டிருக்கு, வீட்டுல வெக்கக் கூடாது" என்று எடுத்துக் கொடுத்தவளே நான்தான்!

பிறகுதான் ஒரு வார இதழில் படித்தேன். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தன் ஓவியங்களைக் கல் அச்சில் பல வண்ணமாக அச்சடித்து ஊரெல்லாம் விற்றாராம். கோயிலுக்கும் அரண்மனைக்கும் மட்டும் இருந்த சித்திரம் நம்மைப் போன்றவர்கள் வீட்டுச் சுவருக்கு வந்தது அப்படித்தான். வாங்கிய பெண்கள் அதற்குத் துணியும் ஜரிகையும் மணியும் வைத்து அலங்கரித்ததுண்டு. அப்படிப்பட்டவற்றை இன்று தேடி வாங்குகிறார்களாம். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. குண்டான் இன்னும் இருக்கிறது. சாம்பார் வைக்கிறேன்.

அன்றுதான் இனி எதையும் பார்க்காமல் தூக்கிப் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். புடவைக்குக் குஞ்சம் கட்டும் கூலியில் மாதம் கொஞ்சம் தனியாக வைத்து, ஒரு படத்துக்கு பிரேம் என்று ஆரம்பித்தேன். முதலில் அம்மா வீட்டுப் பரணில் கிடைத்த ஒரு முருகன் காலண்டர். கீழே சி. கொண்டையராஜு என்று கையெழுத்து. கோவில்பட்டியில் நாடகத் திரைச்சீலை வரைந்தவர், 1976-ல் காலமானார். அவரும் அவர் சீடர்களும் வரைந்ததுதான் சிவகாசியில் அச்சாகி நம் பூஜை அறைகளுக்கெல்லாம் வந்தது. அடுத்து, பக்கத்து வீட்டு டீச்சரம்மா கொடுத்த பழைய தீபாவளி மலரில் இருந்து சில்பியின் கோயில் சிற்பக் கோட்டோவியம். ஒரு முறை புடவை கொடுக்கச் சென்னை போனபோது, அவரை நச்சரித்து ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்கும் போனேன். கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் 1966-ல் உருவாக்கிய கிராமம். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டே ஓவியம் வரைந்திருக்கிறார்கள். கைத்தொழில் செய்துதான் கலையும் வளர்ந்தது என்று கேட்டதும், நம்ம ஊர் மாதிரிதானே என்று தோன்றியது. அங்கே எதையும் வாங்கும் வசதி எனக்கு இல்லை. பார்த்துவிட்டு வந்தேன்.

வந்ததும் என் கண் போனது மாமனாரின் தகரப் பெட்டிக்கு.

மாமா அந்தக் காலத்தில் டிசைன் போடுபவர். கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்புவார். ஒரு வரிசை ஒரு ஊடை. அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்துவார்கள். வரிசைக்கு ஓர் அட்டை. இப்போது கம்ப்யூட்டரில் போட்டுவிடுவதால் இந்தத் தாளை யாரும் தேடுவதில்லை. அத்தை அதைக் கிழித்துக் கிழித்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். மயிலும் மாங்காயும் பாதிக்கு மேல் அடுப்புக்குப் போய்விட்டன. மிஞ்சியது பதினோரு தாள்.

"இன்னாத்துக்கும்மா இதுக்குப் போயி காசு கொட்ற?" என்று அத்தைக்குக் கோபம். பிள்ளைகள் ஃபீஸ் கட்டும் மாதம் அது. அவரும் முகம் கொடுக்கவில்லை. என் கூலிதானே என்று நானும் விடவில்லை.

தோழிகளே, படம் போடும்போது நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி படத்தின்மேல் ஒட்டவே கூடாது. மழைக்காலத்தில் பிடித்துக்கொண்டால், பிரிக்கும்போது வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும். சுற்றிலும் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்னால் சாதா பழுப்பு அட்டை வைத்தால் தாளும் பழுத்துப்போகும். அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்க வேண்டும். செல்லோடேப் கூடாது, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வெயில் விழும் சுவரும், ஓதம் ஏறும் சுவரும் ஆகாது. முதல் பிரேமைக் குளியலறைச் சுவரை ஒட்டி மாட்டி, கரையானுக்கு ஒரு மூலையைத் தாரை வார்த்தேன்.

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த அன்று, கூடத்தில் அன்னப்பட்சித் தாளை மாட்டியிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து கிட்டே போய், கண்ணாடி மேல் விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார்.

"இந்த மூக்குல ஒரு கட்டம் கூடப் போட்டுட்டேன்மா. நெய்யறப்பதான் பார்த்தேன். எத்தனை புடவை போச்சு, ஒருத்தரும் கேக்கல" என்றார்.

அத்தை அடுப்படியில் இருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். "எந்த மூக்கு?" என்று கேட்டபடி தானும் எண்ண ஆரம்பித்தார்கள்.

– ஒரு வாசகி, ஆரணி