பெட்டியில் அச்சடித்த வேகம், கேமில் தெரியும் வேகம்

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் கிராஃபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் அலசுவார்கள். எஸ்எஸ்டி என்று வந்ததும் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுவார்கள். நொடிக்கு 7,000 எம்பி, 14,000 எம்பி என்று போட்டிருக்கும் அந்த எண் பொய்யல்ல. ஆனால் கேம் ஆடுபவருக்கு அதனால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு.

ஒரே பெரிய ஃபைலை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாகப் படிக்கும்போது வரும் வேகம் அது. கேம் லோடு ஆவது அப்படி நடப்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை அங்கும் இங்குமாகத் தேடி எடுக்க வேண்டும். எடுத்தவை சுருக்கி வைக்கப்பட்டவை என்பதால் பிராசஸர் அவற்றை விரிக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் எஸ்எஸ்டி சும்மாதான் இருக்கும். அதனால்தான் நொடிக்கு 550 எம்பி தாண்டாத பழைய சாட்டா எஸ்எஸ்டிக்கும், காகிதத்தில் அதைவிட ஆறு மடங்கு வேகமான மூன்றாம் தலைமுறை என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் பெரும்பாலான கேம்களில் சில நொடிகள்தான் வித்தியாசம். உண்மையான பாய்ச்சல் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போதே நடந்துவிடுகிறது. ஹார்டு டிஸ்க்கின் முள் ஒவ்வொரு துண்டையும் தேடிப் போக நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும்.

இந்த நிலை மெல்ல மாறிவருகிறது என்பதும் உண்மை. 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5, நொடிக்கு 5.5 ஜிபி வேகமுள்ள எஸ்எஸ்டியோடு, தரவை விரிப்பதற்கென்றே தனி வன்பொருளையும் கொண்டுவந்தது. கேம்கள் எஸ்எஸ்டியிலிருந்து தரவை வேகமாக எடுக்க உதவும் டைரக்ட் ஸ்டோரேஜை மைக்ரோசாஃப்ட் 2022-ல் விண்டோஸுக்குக் கொடுத்தது. 2023-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' விரிக்கும் வேலையை கிராஃபிக்ஸ் கார்டிடமே ஒப்படைத்தது. ஆனாலும் இந்த வழியில் வந்த கேம்கள் சொற்பம். நான்காம் தலைமுறை என்விஎம்இ இவற்றுக்குத் தாராளமாகப் போதும். ஐந்தாம் தலைமுறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போட்டால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அது கண்ணுக்குத் தெரியும்.

வேகத்தைவிட முக்கியம் கொள்ளளவு. 'பால்டர்ஸ் கேட் 3' 150 ஜிபி கேட்கிறது, 'ஸ்டார்ஃபீல்டு' 125 ஜிபி. இரண்டுமே எஸ்எஸ்டி கட்டாயம் என்கின்றன. 1 டிபி என்று வாங்கியதை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். அதில் விண்டோஸுக்கும் மற்ற சாஃப்ட்வேர்களுக்கும் போக, இப்படிப்பட்ட கேம்கள் ஐந்தாறு போட்டாலே இடம் நெருக்கும். புதிதாக வாங்கும் கேமிங் கம்ப்யூட்டருக்கு 500 ஜிபி வேண்டவே வேண்டாம். முடிந்தால் 2 டிபி, முடியாவிட்டால் 1 டிபி வாங்கிவிட்டு இன்னொன்று மாட்ட ஸ்லாட் இருக்கிற மதர்போர்டாகப் பாருங்கள்.

அடுத்து, உள்ளே இருக்கும் ஃப்ளாஷ் எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது க்யூஎல்சி. க்யூஎல்சி விலை குறைவு. பெரிய கேமை அதில் காப்பி செய்தால் முதலில் பறக்கும். எழுதுவதைத் தற்காலிகமாக வேகமாக வாங்கிவைக்கும் பகுதியான கேஷ் நிரம்பியதும் வேகம் சட்டென்று விழும். டிரைவ் நிறைய நிறைய அந்தக் கேஷும் சுருங்கும். கேம்களை மட்டும் வைக்கும் இரண்டாவது டிரைவாக அது பரவாயில்லை. விண்டோஸும் இருக்கப்போகிற ஒரே டிரைவ் என்றால் டிஎல்சிதான் என் தேர்வு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2021-ல் 'க்ரூஷியல் பி2' என்ற எஸ்எஸ்டி அதே பெயரில், டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்கு மாறியது. முதலில் வந்த விமர்சனங்களை நம்பி வாங்கியவர்களுக்கு வேறு பொருள் கிடைத்தது. சேர்த்துவைத்த காசில் வாங்கும் ஒரு மாணவருக்கு இது சின்ன விஷயமல்ல. எனவே பழைய விமர்சனத்தை மட்டும் நம்பாமல், நீங்கள் வாங்கும் மாதத்துக்குப் பக்கத்தில் வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆயுள் பற்றிய பயம் தேவையில்லை. நல்ல 1 டிபி டிஎல்சி டிரைவுகள் பலவற்றுக்கு 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். தினமும் 50 ஜிபி எழுதினாலும் அந்த அளவைத் தொட 32 வருஷத்துக்கு மேல் ஆகும்.

வாங்கியதும் மதர்போர்டு மேனுவலைப் புரட்டுங்கள். மதர்போர்டிலேயே செருகும் எம்.2 வடிவில் சாட்டா டிரைவுகளும் இருக்கின்றன. எல்லா ஸ்லாட்டும் அவற்றை ஏற்காது. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது. முதல் டிரைவை பிராசஸருக்குப் பக்கத்திலுள்ள ஸ்லாட்டில் மாட்டுங்கள். பெரும்பாலும் அதுதான் பிராசஸரோடு நேரடியாக இணைந்திருக்கும். மேலே வைக்கும் ஹீட்சிங்க்கின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்துவிட்டு ஸ்க்ரூ போடுங்கள். அதை உரிக்க மறந்தால் சூடு சரியாக வெளியேறாது, டிரைவ் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.