உண்மைக் குற்றப் படைப்புகளில் கொலையுண்டோரின் மாண்பு

உண்மையில் நிகழ்ந்த கொலைகளைப் பற்றிய நூல்கள், இதழ்க் கட்டுரைகள், ஆவணப்படங்கள், தொடர்கள், பாட்காஸ்டுகள் ஆகியவை உண்மைக் குற்றப் படைப்புகள் எனப்படுகின்றன. 'ட்ரூ கிரைம்' என்ற ஆங்கிலப் பெயரும் தமிழில் வழங்குகிறது. இவற்றுள் பலவற்றில் கொலையாளியின் இளமைக்காலம், மனநிலை, தந்திரம், பிடிபட்ட விதம் ஆகியவை விரிவாக இடம்பெறும். கொல்லப்பட்டவரோ ஒரு புகைப்படமாக, ஒரு வயதாக, வரிசையில் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுவார்.

கொல்லப்பட்டவர் தம்மைப் பற்றி எழுதப்படுவதை மறுத்துப் பேச முடியாது. ஆகவே, அவரைக் குறித்து எழுதப்படும் ஒவ்வொரு சொல்லையும் சரிபார்க்கும் கடமை எழுதுபவருக்கு உண்டு. அக்கடமை தவறினால் என்ன நேரும் என்பதை 1888-இல் லண்டனிலும், 1975 முதல் 1980 வரை வட இங்கிலாந்திலும் நடந்த கொலைகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வைட்சாப்பல் கொலைகள்

1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை, கிழக்கு லண்டனின் வைட்சாப்பல் பகுதியிலும் அதை ஒட்டிய இடங்களிலும் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டனர். இவை ஒருவனே செய்த கொலைகள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். கொலையாளி யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

ஆயினும், 'ஜாக் த ரிப்பர்' என்ற பெயர் உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. அப்பெயர் 1888 செப்டம்பர் இறுதியில் லண்டன் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு வந்த கடிதத்தில் கையொப்பமாக இருந்தது. அக்கடிதத்தைப் பத்திரிகையாளர் ஒருவரே எழுதியிருக்கக்கூடும் என்று காவல் அதிகாரிகள் சிலர் பின்னாளில் கருதினர். கற்பனையாக இருக்கக்கூடிய இப்பெயரில் எண்ணற்ற நூல்களும் திரைப்படங்களும் சுற்றுலா நடைகளும் உருவாயின. உண்மையில் வாழ்ந்த ஐந்து பெண்களின் பெயர்களோ பலருக்கும் தெரியாது. 2015-இல் லண்டனில் பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம் அமைப்பதாக அனுமதி பெற்ற ஒரு கட்டடம், 'ஜாக் த ரிப்பர் அருங்காட்சியகம்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. அதற்கு எதிராகப் பொதுமக்கள் போராட்டம் நடத்தினர்.

ஐந்து பெண்கள்

மேரி ஆன் நிக்கல்ஸ் (43 வயது): லண்டன் கொல்லர் ஒருவரின் மகள். அச்சகத் தொழிலாளி ஒருவரை மணந்து ஐந்து பிள்ளைகளைப் பெற்றார். மணவாழ்வு முறிந்த பின், ஏழைகளிடம் வேலை வாங்கிக்கொண்டு உணவும் இடமும் தந்த 'ஒர்க்ஹவுஸ்' எனும் விடுதிகளில் பல காலம் தங்கினார். 1888-இல் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாகச் சேர்ந்ததும், புதிய இடத்தில் நலமாக இருப்பதாகத் தந்தைக்குக் கடிதம் எழுதினார். அந்த வேலை நிலைக்கவில்லை. இறந்த இரவில், விடுதிப் படுக்கைக்குத் தர வேண்டிய நான்கு பென்ஸ் அவரிடம் இல்லை.

ஆனி சாப்மன் (ஏறத்தாழ 47): படைவீரர் ஒருவரின் மகள். இவருடைய கணவர் வின்ட்சர் அருகே செல்வர் ஒருவரின் மாளிகையில் குதிரை வண்டி ஓட்டுநராக இருந்தார். இவர்களுடைய 12 வயது மகள் 1882-இல் மூளைக்காய்ச்சலால் இறந்தாள். குடிப்பழக்கத்திலிருந்து ஆனியால் மீள முடியவில்லை. பிரிந்து வாழ்ந்தபோது கணவர் வாரம் 10 ஷில்லிங் அனுப்பிவந்தார். 1886 இறுதியில் அவர் இறந்ததும் அந்த வருவாய் நின்றது. குரோஷா பின்னல் வேலைப்பாடுகளையும் பூக்களையும் விற்று ஆனி வாழ்ந்தார். அவருக்குக் கடும் நுரையீரல் நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது.

எலிசபெத் ஸ்டிரைட் (44): சுவீடனில் கோதன்பர்க் நகருக்கு அருகே பிறந்தவர். 1866-இல் லண்டன் வந்தார். தச்சர் ஒருவரை மணந்து, அவருடன் காப்பிக் கடை நடத்தினார்.

கேத்தரின் எடோவ்ஸ் (46): உல்வர்ஹாம்ப்டனில் தகரத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தில் பிறந்தவர். கொல்லப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், கென்ட் பகுதியில் ஹாப் பறிக்கும் பருவகால வேலையிலிருந்து லண்டன் திரும்பியிருந்தார். நிலையான வீடு இல்லாத அவர் தம் உடைமைகளைத் தம்முடனேயே வைத்திருந்தார். தேயிலையும் சர்க்கரையும் இருந்த சிறு தகர டப்பாக்கள், ஆறு சோப்புத் துண்டுகள், ஒரு சீப்பு, ஒரு தேக்கரண்டி, ஒற்றைச் சிவப்புக் கையுறை ஆகியவை காவல்துறைப் பட்டியலில் உள்ளன. அவருடைய இறுதி ஊர்வலத்தைக் காண ஆயிரக்கணக்கானோர் தெருக்களில் நின்றனர்.

மேரி ஜேன் கெல்லி (ஏறத்தாழ 25): அயர்லாந்தின் லிமரிக்கில் பிறந்து வேல்ஸில் வளர்ந்ததாகத் தம்மைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஆவணங்கள் எதுவும் இதை உறுதிப்படுத்தவில்லை. அவர் குடியிருந்த ஒற்றை அறைக்கு வாடகை வாரம் நான்கரை ஷில்லிங். இறந்தபோது 29 ஷில்லிங் வாடகை பாக்கி இருந்தது.

ஒரு சொல்லைச் சரிபார்த்தல்

நூறாண்டுகளுக்கும் மேலாக இவர்கள் ஐவரும் 'விலைமாதர்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்பட்டனர். வரலாற்றாசிரியர் ஹாலி ரூபன்ஹோல்ட் 2019-இல் வெளியிட்ட 'த ஃபைவ்' என்ற நூலில் இச்சொல்லைக் கேள்விக்குள்ளாக்கினார். ஐவருள் மூவர் அத்தொழிலில் ஈடுபட்டதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்பது அவருடைய முடிவு. படுக்கைக்குக் காசில்லாமல் இரவில் தெருவில் இருந்த ஏழைப் பெண் எவரையும் அன்றைய காவல்துறையும் செய்தித்தாள்களும் அவ்வாறே எண்ணிக்கொண்டன என்று அவர் வாதிட்டார். கொலைகள் நடந்த விதத்தை அந்நூல் விவரிப்பதில்லை. ஒவ்வொரு பெண்ணின் பிறப்பு, குடும்பம், வேலை, வறுமை ஆகியவற்றையே எழுதுகிறது. 2019-ஆம் ஆண்டின் பெய்லி கிஃபோர்டு பரிசு இந்நூலுக்குக் கிடைத்தது.

இம்முடிவை ஏற்காத ஆய்வாளர்களும் உள்ளனர். மரண விசாரணையில் சிலர் அளித்த சாட்சியங்களை ரூபன்ஹோல்ட் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக அவர்கள் கூறுகின்றனர். இவ்விவாதத்தில் எந்தப் பக்கம் சரியாயினும், பாலியல் தொழிலாளி ஒருவர் கொல்லப்படுவது சிறிய குற்றம் ஆகிவிடாது. தவறான சொல்லைத் திருத்துவதும், சரியான சொல்லாக இருந்தாலும் அதை இழிவாகப் பயன்படுத்தாதிருப்பதும் ஆகிய இரண்டுமே தேவை.

விசாரணையைத் திசை திருப்பிய முத்திரை

இத்தகைய சொற்கள் இறந்தவரின் பெயரை மட்டும் பாதிப்பதில்லை. 1975 முதல் 1980 வரை யார்க்சயர் பகுதியிலும் மான்செஸ்டரிலும் பீட்டர் சட்கிளிஃப் 13 பெண்களைக் கொன்றான். 'பாலியல் தொழிலாளிகளை வெறுப்பவன்' என்ற எண்ணத்துடனேயே காவல்துறை அவனைத் தேடியது. 1975-இல் அவனிடம் தாக்கப்பட்டு உயிர் தப்பிய 14 வயதுச் சிறுமி ஒருவர் தெளிவான அடையாளங்களைக் கூறியிருந்தார். ஆனால் அச்சிறுமி மேற்படி எண்ணத்துக்குப் பொருந்தவில்லை. எனவே அவர்மீதான தாக்குதல் அன்று இவ்வழக்குடன் சேர்க்கப்படவில்லை. காவல்துறை சட்கிளிஃப்பை ஒன்பது முறை விசாரித்தும் விட்டுவிட்டது. அவன் 1981-இல் தண்டனை பெற்றான்.

வேறு பின்னணி கொண்ட பெண்கள் கொல்லப்பட்டபோது, அவர்களை மட்டும் 'அப்பாவிப் பெண்கள்' என்று அதிகாரிகள் தனித்துக் குறிப்பிட்டனர். அப்படியானால் மற்றவர்கள் அப்பாவிகள் அல்லரா என்ற கேள்வி எழுந்தது. நீதிமன்றத்தில் அரசுத் தலைமை வழக்கறிஞரும் இதே வேறுபாட்டைக் காட்டிப் பேசியதால், பெண்கள் நீதிமன்றத்துக்கு வெளியே எதிர்ப்புத் தெரிவித்தனர். கொல்லப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகள் இச்சொற்களைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தனர். 2020 நவம்பரில் சட்கிளிஃப் இறந்த பின், அன்று பயன்படுத்திய சொற்களுக்காகவும் தொனிக்காகவும் மேற்கு யார்க்சயர் காவல்துறை குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது. முதல் கொலைக்கும் இம்மன்னிப்புக்கும் இடையே 45 ஆண்டுகள் சென்றிருந்தன.

குடும்பத்தாரின் நிலை

1888-இல் இறந்தவர்களுக்கு நெருங்கிய உறவினர் இன்று இல்லை. அண்மைக்காலக் கொலைகளில் நிலை வேறு. அமெரிக்காவில் 17 பேரைக் கொன்ற ஜெஃப்ரி டாமர் பற்றி 2022-இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு தொடரை வெளியிட்டது. கொல்லப்பட்ட ஒருவரின் சகோதரி நீதிமன்றத்தில் கதறியழுதபடி பேசிய காட்சியை, உடை, தலைமுடி உட்பட அப்படியே நடித்துக் காட்டினர். அதற்குமுன் தம்மை யாரும் தொடர்புகொள்ளவில்லை என்று அவர் பின்னர் தெரிவித்தார். நீதிமன்றப் பதிவுகள் பொது ஆவணங்கள் ஆதலால், குடும்பத்தாரிடம் கேட்பது சட்டப்படி கட்டாயம் இல்லாமல் இருக்கலாம். எனினும் முன்கூட்டித் தெரிவிப்பது மாண்பின் அடிப்படைத் தேவையாகும்.

இந்தியச் சட்டமும் தமிழ்ச் செய்தி நடையும்

பெயரைச் சொல்வதே எப்போதும் மரியாதை ஆகிவிடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியாவில் குற்றமாகும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் உள்ளது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் இப்பாதுகாப்பு பொதுவாகத் தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நிபுண் சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்தது. பெயரை விட்டுவிட்டு, அடையாளம் கண்டுகொள்ளும்படி பிற விவரங்களை எழுதுவதும் கூடாது. குழந்தைகளைப் பொறுத்தவரை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இத்தகைய தடையை விதிக்கிறது.

தமிழ்ச் செய்திகளில் நீண்டகாலமாக வழங்கிவரும் 'அழகி கொலை', 'கள்ளக்காதல் விவகாரம்' போன்ற தலைப்புகள், விசாரணை முடியுமுன்பே இறந்தவர்மீது பழி சுமத்துகின்றன. 'திருமணத்தை மீறிய உறவு' என்ற சொல்லாட்சியும் இப்போது பயன்படுகிறது. சொல்லை மாற்றினாலும், நிரூபிக்கப்படாத உறவைத் தலைப்பில் இடுவது அதே பழியைச் சுமத்துவதாகும்.

எழுதுவோர் கவனிக்க வேண்டியவை

• சட்டம் அனுமதிக்கும் இடத்தில், கொல்லப்பட்டவரின் பெயரையும் அவருடைய வேலை, உறவு, விருப்பம் ஆகியவற்றையும் எழுதுதல்.
• ஒருவரின் தொழில், நடத்தை, உறவு பற்றிய சொல்லை முதலில் யார் சொன்னார், எந்தச் சான்றுடன் சொன்னார் என்று பார்த்தல்.
• காயங்களின் விவரத்தை வழக்கைப் புரிந்துகொள்ளத் தேவையான அளவில் நிறுத்துதல். உடலின் படத்தைத் தவிர்த்தல்.
• கொலையாளிக்குக் கவர்ச்சியான பட்டப்பெயர் சூட்டாதிருத்தல்.
• 'அந்த நேரத்தில் அங்கே ஏன் போனார்' என்பன போன்று, இறந்தவர்மீது பொறுப்பைச் சுமத்தும் கேள்விகளை விலக்குதல்.
• குடி, கடன், குடும்பப் பிரிவு போன்றவற்றை மறைக்காமல், அவற்றுக்கு வழிவகுத்த சூழலுடன் சேர்த்துக் கூறுதல்.
• வெளியிடுமுன் குடும்பத்தாருக்குத் தெரிவித்தல். அவர்கள் காட்டும் பிழைகளைத் திருத்துதல்.

வாசகருக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு கொலை வழக்கைப் பற்றிய நூலைப் படித்தோ தொடரைப் பார்த்தோ முடித்த பின், கொலையாளியின் பெயரை நினைவிலிருந்து சொல்ல முடிகிறதா, கொல்லப்பட்டவரைப் பற்றி இரண்டு வாக்கியங்களாவது சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். முதலாவது மட்டுமே முடிகிறதென்றால், அந்தப் படைப்பு தன் வேலையைப் பாதிதான் செய்திருக்கிறது.